மைசூரில் மின்விசிறி

இல்லத்துக்கு வேண்டிய சாதனங்களுள் மின்விசிறியைப் போல மிகுதியாகப் பயன்படுவதும், வாங்கும்போது குறைவாகச் சிந்திக்கப்படுவதும் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு பட்டுப் புடவை எடுப்பதற்கு மூன்று கடை ஏறி இறங்குகிற நாம், பதினைந்து இருபது ஆண்டுகள் நம் தலைக்கு மேல் இரவும் பகலும் சுழலப் போகிற ஒரு யந்திரத்தைப் பத்து நிமிஷத்தில், நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்புகிறோம். வெளி மாநிலங்களில் உத்தியோக நிமித்தம் குடியேறி, ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தேர்வு ஒரு முறை நேர்வதன்று. பல முறை நேர்வது. ஆகவே இந்த விசிறி எங்கிருந்து வந்தது, அது வருவதற்கு முன் யார் கையால் காற்று வந்தது, மைசூர் போன்ற குளிர்ந்த நகரத்துக்கு அது எவ்வாறு வந்து சேர்ந்தது என்பவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பொழுதுபோக்கு மாத்திரமன்று. கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அந்த வரலாறே நமக்குக் கற்றுக்கொடுக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்டவர்களுக்குப் பெயரில் தொடங்குவது வழக்கமாகிவிட்ட ஒன்று. 'வீசு' என்னும் வினையோடு உறவுடையது நம்முடைய 'விசிறி'. மலையாளத்தார் 'விசறி' என்கிறார்கள். தெலுங்கர் 'விசனகர்ர' என்கிறார்கள். கன்னடத்தில் நம்முடைய வகரம் பல சொற்களில் பகரமாக ஒலிக்கும். 'வீசு' அங்கே 'பீசு' ஆகும். கைவிசிறி 'பீசணிகெ' ஆகும். வட நாட்டில் வழங்கும் 'பங்கா' என்ற சொல்லோ, சிறகைக் குறிக்கும் 'பங்க்' என்பதிலிருந்து வந்தது. தென்னாட்டார் செயலைக் கண்டு பெயரிட்டனர். வட நாட்டார் வடிவத்தைக் கண்டு பெயரிட்டனர். இன்று மைசூரில் தமிழர் வீட்டிலும் சரி, கன்னடர் வீட்டிலும் சரி, 'ஃபேன்' என்ற ஒரே சொல்லே வழங்குகிறது என்பது வேறு விஷயம்.

பெயர் பழமையானது, பொருளும் பழமையானதே. பனையோலை விசிறியும், மயிற்பீலி விசிறியும், கவரிமானின் மயிராலான சாமரமும், வட்டமான ஆலவட்டமும் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளன. கோயில்களில் இறைவனுக்குச் செய்யும் உபசாரங்களில் சாமரம் வீசுவதும் ஒன்று. காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குத் திருவாலவட்டம் வீசும் தொண்டு புரிந்த திருக்கச்சி நம்பியின் வரலாற்றை வைணவ உலகம் நன்கு அறியும்.

சங்க இலக்கியம் அறிந்தவர்களுக்கு இவ்விடத்தில் இன்னொரு நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இராது. மோசிகீரனார் என்னும் புலவர், சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வழிநடந்த களைப்போடு வந்தார். முரசு நீராட்டுக்குச் சென்றிருந்தது. அது வைக்கும் கட்டில் மலர் பரப்பி மென்மையாக இருக்கவே, அது இன்ன கட்டில் என்பதை அறியாமல் ஏறி உறங்கிவிட்டார். முரசு கட்டிலில் ஏறியவரை வெட்டுவது அக்கால வழக்கு. அரசன் வெட்டவில்லை, கவரியை எடுத்துப் புலவர் எழும் வரை வீசிக்கொண்டு நின்றான். புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டில் இந்தச் செய்தி உள்ளது. வீசுகிறவன் அரசன், காற்று வாங்குகிறவன் ஏழைப் புலவன் என்று அமைந்த இந்த நிகழ்ச்சி, வரலாற்றில் மிக அரிதானது. மற்ற இடங்களிலெல்லாம் காற்று கீழேயிருந்து மேலே சென்றது. எளியவன் வீச, வலியவன் அனுபவித்தான்.

அதன் உச்சநிலையைப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் வாழ்ந்த மாளிகைகளிலும், கச்சேரிகளிலும், படைவீரர் குடியிருப்புகளிலும் காண்கிறோம். நீண்ட மரச் சட்டத்தில் துணியைக் கட்டி, அதைக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். அதில் கட்டிய கயிறு சுவரில் உள்ள துளை வழியாகத் தாழ்வாரத்துக்குச் செல்லும். அங்கே ஒருவன் அமர்ந்து அந்தக் கயிற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பான். இதுவே பங்கா, அவன் பங்கா இழுப்பவன். கோடைகாலத்தில் பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்து இழுத்தார்கள். கை ஓய்ந்தால் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு இழுப்பதும் உண்டு. உள்ளே காற்று வாங்குகிறவருக்கு இழுப்பவனின் முகம் தெரியாது. இழுப்பவனுக்கோ அந்தக் காற்றில் ஒரு சிறிதும் கிடையாது.

நள்ளிரவில் கண் அயர்வது மனித இயற்கை. கயிறு நின்றால் உள்ளே உறங்குபவர் விழித்துக்கொள்வார். இதனால் விளைந்த கொடுமைகள் வெறும் கதைகளாக அன்றி, நீதிமன்ற வழக்குகளாகவே பதிவாகியிருக்கின்றன. பங்கா இழுப்பவர்களை வெள்ளைச் சிப்பாய்கள் அடித்தும் உதைத்தும் மரணம் நேர்ந்த வழக்குகளும், அவற்றில் குற்றவாளிகள் அற்பத் தண்டனையோடு தப்பியதும் கர்ஸன் பிரபு வைசிராயாக இருந்த காலத்தில் (1899–1905) அரசாங்கத்தையே சங்கடப்படுத்தின. 1924இல் வெளியான 'எ பாஸேஜ் டு இந்தியா' என்னும் ஆங்கில நாவலின் நீதிமன்றக் காட்சியில், நடப்பது எதுவும் அறியாமல் பங்காவை இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை ஈ. எம். ஃபார்ஸ்டர் சித்திரித்திருப்பதைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் உண்மையில் வாழ்ந்த அத்தகைய ஆயிரக்கணக்கானோரின் பெயர்களை எந்த ஏடும் பெரும்பாலும் பாதுகாக்கவில்லை.

மனிதக் கை செய்த இந்த வேலையை யந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி அமெரிக்காவில் கனிந்தது. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிலிப் டீல் என்பவர், சிங்கர் தையல் யந்திரக் கம்பெனியில் பணியாற்றிவந்தார். தையல் யந்திரத்தைச் சுழற்றுவதற்கென்று தாம் அமைத்த சிறிய மின்சார மோட்டாரில் இதழ்களைப் பூட்டிக் கூரையில் தொங்கவிட்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு 1880களில் உண்டாயிற்று. 1889இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்கைலர் வீலர் என்பவர் மேஜை மீது வைக்கும் மின்விசிறியை அமைத்தார். அதற்கு முன்னரே ஓடும் நீரின் வலிமையாலும், நீண்ட தோல் வார்களாலும் கூரை விசிறிகளைச் சுழற்றும் ஏற்பாடு அங்கே இருந்தது. ஆனால் ஒவ்வொரு விசிறிக்கும் ஒரு தனி மோட்டார் என்ற டீலின் யோசனையே நிலைத்தது. நம் வீட்டு விசிறி, தையல் யந்திரத்தின் தம்பி என்று சொன்னால் அது மிகையாகாது. நம் நாட்டிலும் இந்த உறவு தொடர்ந்தது வேடிக்கையான ஒற்றுமை: 1930களில் தையல் யந்திரம் செய்வதற்காகக் கல்கத்தாவில் தோன்றிய ஜெய் இன்ஜினியரிங் ஸ்தாபனம், பிற்பாடு அதே 'உஷா' என்ற பெயரில் மின்விசிறிகளையும் செய்து புகழ் பெற்றது.

இந்தியாவில் மின்விசிறிக்கு முதலில் வழி திறந்த நகரம் கல்கத்தா. 1899ஆம் ஆண்டில் அங்கே மின்சார வினியோகம் தொடங்கியது. ஆங்கிலேயரின் தலைநகரமும், புழுக்கம் மிகுந்த நகரமும் ஒன்றாகவே இருந்தமையால், விளக்குக்கு அடுத்தபடியாக விசிறிக்கே அங்கு மதிப்பு ஏற்பட்டது. பங்காக் கயிறுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்க்கப்பட்டன. கொடுமை நீங்கியது, கூடவே கூலியும் நீங்கியது. யந்திரத்தால் விடுதலை பெற்றவரும், யந்திரத்தால் வேலை இழந்தவரும் ஒரே மனிதராக இருந்தார் என்பதை வரலாறு எழுதுகிறவர் மறைக்கலாகாது.

இனி மைசூருக்கு வருவோம். மைசூர்ச் சமஸ்தானத்துக்கு மின்சாரம் வந்த கதையில் தமிழர்களாகிய நமக்கு இரு வகையில் பங்கு உண்டு. 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த ஸர் கே. சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டைப் பூர்வீகமாக உடைய தமிழர். காவேரி, சிவனசமுத்திரத்தில் ககனசுக்கி, பரசுக்கி என இரு அருவிகளாகப் பிரிந்து ஏறத்தாழ 400 அடி இறங்குகிறது. அந்த வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டத்தை, கனடாவில் பிறந்த ராணுவப் பொறியாளரான ஜோலி டி லாட்பினியர் வகுத்தார். சேஷாத்ரி ஐயர் அதற்கு அரசாங்கத்தின் இசைவையும் பணத்தையும் தேடித் தந்தார். நீர்ச் சக்கரங்கள் சுவிட்சர்லாந்திலிருந்தும், மின்சார யந்திரங்கள் அமெரிக்காவிலிருந்தும் வந்தன. 1902ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் தேதி சிவனசமுத்திரத்தின் மின்சாரம், 92 மைல் தூரம் கம்பி வழியாகப் பயணம் செய்து கோலார் தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகிலேயே மிக நெடிய மின்பாதைகளுள் ஒன்றாக அது கருதப்பட்டது. திட்டத்தை நிறைவேற்றப் பாடுபட்ட சேஷாத்ரி ஐயர் அதைக் காணாமலே 1901இல் காலமானார். அந்த மின்நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது பங்கு, பெயர் தெரியாதவர்களுடையது. மின்சாரம் அரண்மனைக்குச் செல்லாமல் முதலில் தங்கவயலுக்குச் சென்றதற்குக் காரணம் வாணிகம். அங்கே பூமிக்கடியில் தங்கப் பாறையை வெட்டியவர்களுள் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்த தமிழர்கள் பெருந்தொகையினர். சுரங்கம் ஆழ ஆழப் பாறையின் வெப்பமும் ஏறும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே சென்றபோது, அங்கே பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைக் கடந்திருந்தது. காற்றை யந்திரத்தால் உள்ளே செலுத்தாவிட்டால் அங்கே மனிதன் நிற்கவே இயலாது. வீட்டில் விசிறி என்பது சௌகரியம். சுரங்கத்தில் காற்றோட்டம் என்பது உயிர். 2001ஆம் ஆண்டில் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மைசூர் நாட்டின் மின்சார வரலாற்றை எழுதும்போது திவான்களையும் பொறியாளர்களையும் சொல்லிவிட்டு, அந்த மின்சாரத்தின் முதல் பயனை நிலத்தின் அடியில் உழைத்துக் கண்ட இந்தத் தமிழ்த் தொழிலாளரைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

தங்கவயலுக்குப் பின்னர், 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது. 1908இல் மைசூர் நகரம் மின்சாரம் பெற்றது. அப்போது அங்கே புதிய அரண்மனை எழும்பிக்கொண்டிருந்தது. 1897இல், இளவரசியின் திருமணக் காலத்தில் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. சென்னையில் உயர்நீதிமன்றக் கட்டடத்தைச் சமைத்த ஹென்றி இர்வின் புதிய அரண்மனையை வகுத்தார். 1912இல் அது முடிவு பெற்றது. இன்றும் விழா நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் அதன்மீது ஒளிர்வதைக் காண மக்கள் திரள்கிறார்கள். அரண்மனை விளக்கைப் பார்த்து வியக்கும் பலரும், அந்த ஒளிக்குப் பின்னால் காவேரி இருப்பதை நினைப்பதில்லை. கோடையில் ஆற்று நீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். அக்குறையைப் போக்குவது கண்ணம்பாடியில் எழுந்த கிருஷ்ணராஜ சாகர அணையின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, மற்றொன்று பாசனம். 1911இல் தொடங்கிய அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் எம். விசுவேசுவரய்யா. அங்கே சக்கரங்களைச் சுழற்றிய நீரே கீழே இறங்கி மேட்டூரைக் கடந்து, தஞ்சை வயல்களுக்கும் பாய்கிறது. காவேரியின் பங்கீட்டில் இரு நாட்டாருக்கும் வழக்கு இருப்பது உண்மை. ஒரே நதி ஓரிடத்தில் காற்றாகவும் ஓரிடத்தில் சோறாகவும் நமக்கு உதவியதும் உண்மையே.

ஆயினும் மின்சாரம் வந்தவுடன் மைசூர் வீடுகளில் விசிறி வந்துவிடவில்லை. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,500 அடி உயரத்தில் உள்ள ஊர் அது. சென்னையின் வியர்வையை அறிந்தவர்களுக்கு மைசூரின் மாலைக் காற்று ஒரு வரப்பிரசாதம். மேலும் வீடுகளும் காற்றை அறிந்து கட்டப்பட்டன. நடுவில் வானம் பார்த்த முற்றத்தை உடைய தொட்டி வீடுகளும், இடுக்குகளின் வழியே வெப்பத்தை வெளிவிடும் மங்களூர் ஓட்டுக் கூரைகளும், மேற்சுவரில் அமைந்த சிறு காற்றுத் துவாரங்களும் விசிறியின் வேலையைக் கூலியின்றிச் செய்தன. 1890களின் இறுதியில் பிளேக் நோய் அந்நாட்டில் பரவி அச்சுறுத்தியது. நெருக்கமான சந்துகளே நோயின் இருப்பிடம் என்று கருதிய அரசாங்கம், 1903ஆம் ஆண்டில் மைசூரில் நகர அபிவிருத்திக் கழகம் ஒன்றை நிறுவி, அகன்ற வீதிகளையும் காற்றோட்டமான புதிய குடியிருப்புகளையும் உண்டாக்கியது. காற்று என்பது சுகத்தின் பொருளாக மட்டும் இல்லாமல், பொதுச் சுகாதாரத்தின் பொருளாகவும் அங்கே மதிக்கப்பட்டது.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. ஓட்டுக்குப் பதிலாகத் தட்டையான கான்கிரீட் கூரை வந்தது. அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் உள்ளே உமிழும். தோட்டத்தோடு கூடிய வீடுகள் அடுக்கு மாடிகளாயின. கொசுவுக்கு அஞ்சிச் சன்னல்கள் மாலையிலேயே மூடப்பட்டன. 'மைசூரில் விசிறி எதற்கு?' என்று ஒரு காலத்தில் கேட்ட குடும்பங்களும், இப்போது ஒவ்வோர் அறைக்கும் ஒன்று வாங்குகின்றன. வீட்டைக் கட்டும்போது காற்றுக்கு இடம் விடாததால் ஏற்படும் நஷ்டத்தை, விசிறியை வாங்கி ஈடு செய்கிறோம். ஆகவே விசிறி வாங்கச் செல்வதற்கு முன், எதிரெதிரே இரு சன்னல்களைத் திறந்து வலை அடித்தால் போதுமா என்று பார்ப்பது விவேகம். அதற்குச் செலவும் குறைவு. மின்சாரக் கட்டணமும் இல்லை.

விசிறி தேவைதான் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? இங்கும் வரலாறு கைகொடுக்கிறது. முதலில் இங்கு வந்த விசிறிகள் அன்னிய நாட்டவை. 1920கள் முதல் கல்கத்தாவில் இந்தியத் தொழில் முனைவோர் அவற்றைச் செய்யத் தொடங்கினர். தென்னாட்டில் 1937இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார்கள். சுதந்திரம் வந்த 1947இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் தோன்றியது. அது தொடக்க காலத்திலேயே கவனம் செலுத்திய பொருள்களுள் கூரை விசிறியும் ஒன்று: 374 என்னும் எண்ணுள்ள தர விதி 1951இல் வெளியாயிற்று. பின்னர்ப் பல முறை திருத்தப்பட்ட அதே விதியின்படிதான் இன்றும் விசிறிகள் சோதிக்கப்படுகின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத விசிறி எவ்வளவு மலிவாக இருப்பினும் அதைத் தொடாமல் இருப்பது முதல் விதி.

இரண்டாவது, அளவு. விசிறி சுழலும்போது இதழ்களின் நுனி வரையும் வட்டத்தின் விட்டமே அதன் அளவு. 900, 1050, 1200, 1400 மில்லிமீட்டர் என்று நான்கு அளவுகள் பெருவழக்கு. பழைய கணக்கில் இவை 36, 42, 48, 56 அங்குலங்கள். சுமார் நூறு சதுர அடிக்கு உட்பட்ட சிறு அறைக்கு 1050 போதும். அதற்கு மேல் நூற்றைம்பது சதுர அடி வரையுள்ள படுக்கை அறைக்கு 1200 தகும். பெரிய கூடத்துக்கு 1400 அளவுள்ள ஒன்றோ, சிறிய இரண்டோ வேண்டும். நீண்ட அறையின் நடுவில் ஒரே விசிறியை மாட்டிவிட்டு, இரு ஓரத்திலும் புழுங்குகிறது என்று வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவது, வேகத்தைக் கண்டு மயங்கலாகாது. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதைவிட, நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதே முக்கியம். நல்ல 1200 மில்லிமீட்டர் விசிறி நிமிஷத்துக்கு இருநூறு கன மீட்டருக்கு மேல் தள்ளும். இந்த எண் பெட்டியின்மீது அச்சிடப்பட்டிருக்கும். அதை விசிறி செலவிடும் வாட் கணக்கால் வகுத்தால் வருவதே அதன் உண்மையான தகுதி. அந்த ஈவு எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்லது. இதழின் அகலமும் சாய்வும் குறைந்து, வேகம் மட்டும் மிகுந்த விசிறி இரைச்சலைத்தான் மிகுதியாகத் தரும்.

நான்காவது, மோட்டார். இங்கே ஒரு சுவையான சக்கரம் சுற்றி வந்திருக்கிறது. டீலின் காலத்து மோட்டாரும், கல்கத்தாவின் தொடக்க கால விசிறிகளும் நேர்மின்சாரத்தால் ஓடியவை. பின்னர் மாறுமின்சாரம் எங்கும் பரவவே, அதற்கேற்ற தூண்டல் மோட்டார் விசிறிகள் வந்தன. நம் வீடுகளில் பல்லாண்டுகளாக ஓடுபவை இவையே. 70 முதல் 80 வாட் வரை செலவிடுபவை. இப்போது வந்துள்ள பி.எல்.டி.சி. விசிறிகள், உள்ளே வரும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றிக்கொண்டு, காந்தங்களின் துணையால் சுழல்கின்றன. இவை 28 முதல் 35 வாட்டுக்குள் அதே காற்றைத் தருகின்றன.

இதன் பலனைக் கணக்கிட்டுப் பாருங்கள். எழுபத்தைந்து வாட் விசிறிக்குப் பதிலாக முப்பது வாட் விசிறியை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால், ஒரு நாளில் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமாக மிச்சமாகும். ஆண்டில் 300 நாள் ஓடினால் 162 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 972 ரூபாய். இரு விசிறிகளின் விலையில் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும், இரண்டாண்டுக்குள் அது வசூலாகிவிடும். நாள் முழுதும் ஓடும் கூடத்து விசிறிக்கும் படுக்கை அறை விசிறிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். எப்போதோ விருந்தினர் வரும்போது மட்டும் ஓடும் அறைக்கு விலை குறைந்த பழைய வகையே போதும். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. நட்சத்திரம் மிகுந்தால் மின்சாரச் செலவு குறையும் என்பதை நினைவிற் கொள்க.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பி.எல்.டி.சி. விசிறியின் வேகத்தைத் தொலைக்கருவியால் மாற்றுகிறோம். சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டர் அதற்கு ஒவ்வாது. மின்பணியாளரைக் கொண்டு அதைச் சுற்றிலிருந்து நீக்கிய பிறகே விசிறியை இணைக்க வேண்டும். வீட்டைக் காலி செய்யும்போது மீண்டும் இணைத்துவிட்டால் வீட்டுக்காரரோடு வழக்கு வராது. சாதாரண விசிறி வைத்திருப்பவர்கள், கம்பிச் சுருள் உள்ள பெரிய பழைய ரெகுலேட்டரை மாற்றுவது நலம். வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தை அது வெப்பமாக்கி வீணடித்துவிடும். சிறிய மின்னணு ரெகுலேட்டர் அவ்வாறு செய்யாது.

மாட்டும் முறையிலும் கவனம் வேண்டும். இதழ்கள் தரையிலிருந்து எட்டடி உயரத்துக்குக் குறையாமலும், கூரையிலிருந்து ஓரடியாவது விலகியும் இருக்க வேண்டும். கூரையை ஒட்டி மாட்டினால் மேலிருந்து காற்றை இழுக்க இடமில்லாமல் விசிறி வீணே சுழலும். பழைய மைசூர் வீடுகளில் உத்திரத்தைப் பற்றிய இரும்புக் கொக்கிகள் துருப்பிடித்திருக்கலாம். புதிய விசிறியை மாட்டுவதற்கு முன் கொக்கியின் வலிமையைச் சோதிப்பது உயிர்க் காப்பு. மூன்று இதழ்களும் ஒரே எடையாகச் சேர்த்து விற்கப்படுகின்றன. ஒன்று வளைந்தால் வேறு விசிறியின் இதழைப் பூட்டாமல் மூன்றையும் மாற்ற வேண்டும். ஓடிக்கொண்டிருந்த சாதாரண விசிறி மெல்ல மெல்ல வேகம் குறைந்தால், பெரும்பாலும் கெட்டுப்போனது அதிலுள்ள சிறிய கண்டென்சராகவே இருக்கும். சொற்பச் செலவில் முடியும் வேலைக்காகப் பழைய விசிறியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

கடைசியாக ஓர் உண்மை. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடலின் வியர்வை விரைவில் ஆவியாவதற்கு அது உதவுகிறது. அதனால் நமக்குக் குளிர்ச்சி தோன்றுகிறது. ஆளில்லாத அறையில் ஓடும் விசிறி யாரையும் குளிர்விக்காமல் கட்டணத்தை மட்டும் ஏற்றுகிறது. வெளிக் காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் விசிறியின் பயன் குறையும். மைசூரிலோ கோடையின் உச்சமான ஏப்ரலிலும் பகல் வெப்பம் சராசரியாக 35 பாகையை ஒட்டியே நிற்கிறது. ஆதலால் அங்கே நல்ல விசிறி ஒன்றே பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. பிற ஊர்களைப் பார்த்துக் குளிர்சாதனப் பெட்டிக்குக் கடன் வாங்குவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்கலாம். டில்லியிலும் நாகபுரியிலும் வாழும் தமிழ் அன்பர்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

மோசிகீரனாருக்கு வீசிய சேரமானின் கவரியிலிருந்து, முப்பது வாட்டில் ஓசையின்றிச் சுழலும் இன்றைய விசிறி வரை வந்துவிட்டோம். விசையைத் தட்டியவுடன் காற்று வருகிறது. யாருடைய கையும் நோகவில்லை, யாரும் இரவில் உறங்கியதற்காக உதை வாங்கவில்லை. இந்த நன்மை பெரிது. ஆயினும் அந்தக் காற்று இன்றும் விலையின்றி வருவதில்லை. எங்கோ ஓர் அணையின் நீரும், எங்கோ ஒரு சுரங்கத்தின் நிலக்கரியும், எங்கோ சிலரின் உழைப்பும் அதில் கலந்திருக்கின்றன. அதை அறிந்து தேவையான அளவில், தேவையான இடத்தில், தரமறிந்து வாங்கி, எழுந்து செல்லும்போது நிறுத்திவிட்டுச் செல்கிறவரே விசிறியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர் ஆவார்.